அலைக்குறி

என் பெயருக்குள் இரண்டு இடைவெளிகள்.
சுன்வோர் வி நேஸ்ட்.
வி என்றால் அருகே; எழுதும்போது வாலில் ஓர் எழுத்து உண்டு,
வாய் அதைச் சொல்வதில்லை.
நேஸ்ட் என்றால் படகுக்கொட்டகை.
எந்தக் கொட்டகை என்று கேட்காதீர்கள்.
அது நின்ற இடத்தில் இப்போது
கார் டயருக்குக் காற்றடிக்கிறார்கள்.

அலுவலகம் கொடுத்த விண்டோஸ்
பெயரை அப்படியே வாங்கிக்கொண்டது.
அதற்குள் நான் ஏற்றிய சிக்வினும்
தன் பங்குக்கு அதே பெயரில் ஒரு வீடு கட்டியது,
இடைவெளிகளோடு, ஊமை எழுத்தோடு.
காட் மீனின் காதுக்கல்லில் வளையங்களை எண்ணும் நிரல்
பெர்கனில் யாரோ எழுதியது;
யூனிக்ஸ் வாசனை இருந்தால்தான் ஓடும்.

ஓடவில்லை.
இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் பெயரை முறித்தது,
காய்ந்த மீனை முறிப்பதுபோல்.
சுன்வோர் என்றொரு கோப்பைத் தேடியது. இல்லை.
நேஸ்ட் இல்லை.
‘அருகே’ என்ற சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு
எங்கே போய்த் தேடியிருக்கும்?

“மேற்கோள் குறி போட்டுப் பார்” என்றான் யால்கிரீமுர்,
உறைகிடங்கின் கையுறையைக் கழற்றாமல்.
என் வரிகளுக்குப் போடலாம்.
பெர்கன்காரன் எழுதிய ஆயிரம் வரிகளுக்கு?
“அப்படியானால் வீட்டை மாற்று.”
வாயில் பிஸ்கட் இருந்தது அவனுக்கு.

மாற்றினேன்.
டி டிரைவில் ஒற்றைச் சொல்லில் ஒரு டைரக்டரி: தாரி.
எங்கள் மொழியில் கடற்பாசி.
சூழல் மாறிகளில் ஹோம் என்று எழுதி
நேரே தாரியின் பாதையை வைத்தேன்.
மூடித் திறந்தால், வந்து நிற்கிறது
~
இங்கே வீடு என்பதற்கு எழுத்து அவ்வளவுதான்.
நிரல் ஓடியது. ஆறு வயது மீன், ஒன்பது வயது மீன்,
ஒரு குளிர்காலம் மங்கிப்போன மீன்.

மாலை, முடிவுகளை பெர்கன் சர்வருக்கு அனுப்பப் போனேன்.
எஸ்.எஸ்.எச். பாஸ்வேர்டு கேட்டது.
சாவி தாரியில்தான் இருக்கிறது, நானே பெயர்த்து வைத்தது.
மறுபடி கேட்டது.
நான் சொல்லும் வீடு அதற்கு வெறும் பேச்சு என்று
அப்புறம்தான் விளங்கியது.
அது பதிவேட்டைப் பார்க்கிறது.
பதிவேட்டில் நான் இன்னும் பழைய வீட்டுக்காரி.
போன வருடம் நகராட்சியிலும் இதே கதை:
ஆறு மாதம் ஆர்கிரில் குடியிருந்தேன்,
குப்பை வரிச் சீட்டு ஹோய்விக்குக்கே போய்க்கொண்டிருந்தது.
பைனிர் அதைப் படமெடுத்து அனுப்புவான்,
கூட ஒரு வார்த்தை எழுதாமல்.

என்.எஸ்.ஸ்விட்ச் என்றொரு கோப்பு.
வீடு எங்கே என்று சொல்லும் வரி அதில் இருக்கிறது,
முன்னால் ஒரு குறி போட்டு வாயடைத்து.
குறியை அழித்தேன். பாதையை எழுதினேன்.
“எல்லா ஜன்னலையும் மூடு.
ஒன்று திறந்திருந்தாலும் பழைய முகவரி நினைவிலேயே நிற்கும்.”
வெளியே தென்மேற்குக் காற்று.
டோர்ஷாவ்ன் முழுக்க அவன் சொல்லாமலே மூடித்தான் இருந்தது.

திறந்தபோது எதுவும் கேட்கவில்லை.
மீன்களின் வயது பெர்கனுக்குப் போய்ச் சேர்ந்தது.

மிச்சம், பழைய வீட்டை இடிப்பது.
உள்ளே பார்த்தேன், ஒன்றுமில்லை.
இடி என்றேன். காலியாக இல்லை என்றது.
மறுபடி பார்த்தேன். ஒன்றுமில்லை.
புள்ளியில் தொடங்கும் பெயர்கள்
சும்மா பார்த்தால் தெரியாது என்பதை மறந்திருந்தேன்.

ஒரே ஒரு கோப்பு. நான் தட்டிய கட்டளைகளின் வரிசை.
வடக்கே ஒரு மிதவையில் அலை உயரம் கேட்கும் வரி,
அதே வரி,
நாற்பத்தொரு தடவை.
பைனிரின் படகு ஒரு நாள் பிந்தி வந்த இரவு.
பதில்கள் அதில் இல்லை;
கேட்டதை மட்டும்தான் அது எழுதி வைக்கும்.

யால்கிரீமுர் பாதி விளக்குகளை அணைத்துவிட்டுப் போனான்.
அதை தாரிக்குக் கொண்டுபோகவில்லை,
அழிக்கவும் இல்லை.
வட்டில் நான்கு கிலோபைட் இடம்.